மூன்று நட்சத்திரம்

வியாழன் இரவு, குளுகோர் ஆய்வுக்கூடம்.
ஏர்கோன் பதினெட்டில் நிற்கிறது, ரிமோட் எங்கே என்று யாருக்கும் தெரியாது.
ஹுய் ஷான் கேபிள் முனையை நசுக்குகிறாள்:
வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம்.
அதுவரை சரி. அப்புறம் இரண்டு முறை பிசகி
மூன்றாம் முறைதான் விளக்கு கண் திறந்தது.

இன்றைக்கு வழித்தடம் பார்க்கிற பாடம்.
பொட்டலத்துக்கு ஆயுள் ஒன்று என்று எழுதி அனுப்பு;
முதல் ரவுட்டரிலேயே செத்துப்போகும்,
'இங்கே முடிந்தது' என்று ஓலை திரும்பி வரும்.
அடுத்ததற்கு ஆயுள் இரண்டு. அதற்கடுத்து மூன்று.
சாவுச் செய்திகளைக் கோத்தால்தான் வழி தெரிகிறது.

முதல் வரி இரண்டு மில்லிவினாடி.
இரண்டாவது நான்கு.
மூன்றாவது ஏழு.
நான்காவதில்
* * *

அறுந்துபோனதா என்று கேட்டேன்.
டாக்டர் அஸ்லினா திரையைப் பார்க்கவேயில்லை:
"ஐந்தாவது வரி வந்ததா?"
வந்தது. பதினொன்று.
அப்படியானால் நான்காவது உயிரோடுதான் இருக்கிறது.
வந்ததை வாங்கி அந்தப் பக்கம் தள்ளுகிறது.
கேட்டால் பதில் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

அறிக்கையில் அதை எழுதிவிட்டுக் கைப்பேசியை எடுத்தேன்.
பிறையில் லாரி ஓட்டுகிற முகிலரசன் அண்ணனுக்கு
மார்ச்சிலிருந்து பதினாலு செய்தி.
எல்லாம் நீலக் குறி. மறுமொழி ஒன்றுமில்லை.
(அவன் கல்யாணத்தன்று எனக்குப் பரீட்சை.
பரீட்சை மதியமே முடிந்துவிட்டது, அது அவனுக்குத் தெரியும்.)
ஆனாலும் மாதம் முதல் தேதி
விடுதிக் கட்டணம் என் கணக்கில் ஏறிவிடுகிறது,
குறிப்புக் கட்டத்தில் ஓர் எழுத்தும் இல்லாமல்.

ஹுய் ஷான் வயரைச் சுருட்டினாள், பசிக்கிறது என்றாள்.
பதினைந்தாவதை அனுப்பினேன்:
சாப்பிட்டியா.

ஜன்னலுக்கு வெளியே பாலத்தில்
விளக்குகள் பிறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தன.