முகவரி முழுமையில்லை

மாதவரம் கிடங்கில் இரவு ஷிப்ட்.
மணிக்கு நானூறு பார்சல்,
குறைந்தால் சூப்பர்வைசரின் திரை சிவக்கும்.
செருப்பு, மிக்சி ஜாடி, நாய்க்கு உடுப்பு.
போரூரில் யாரோ
நாய்க்கு உடுப்பு வாங்குகிறார்; வாங்கட்டும்.

இரண்டு இருபதுக்கு
பெல்ட்டில் வந்தது என் பெயர்.

ஏ. நீலவேணி, பி.ஏ. வரலாறு, முதலாம் ஆண்டு,
ஏரிக்கரை, புழல்.
குறுக்கே சிவப்பு முத்திரை:
முகவரி முழுமையில்லை, திருப்பி அனுப்புக.

முழுமைக்கு நான் எங்கே போவேன்?
எங்கள் பதினோரு குடிசைக்கும்
சாக்குத் திரைதான்,
கதவு எண்ணை எதில் எழுதுவது?
இருளர்தான் என்பதற்கு என்ன சாட்சி என்று
கோட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டார்கள்.
பாம்பு பிடிப்பியா என்றார் ஒருவர்.
பாம்புன்னா பயம் சார் என்றேன்.
அப்புறம் எப்படி என்று சிரித்தார்கள்.
சான்றிதழ் இன்னும் விசாரணையில்.
அதனால் முழுக் கட்டணம்,
மூன்று மாத ஓவர்டைம்.

தூக்கிப் பார்த்தேன்.
ஐந்து புத்தகமாவது இருக்கும்.
ஒரு முனை கிழிந்து
பாதி வரி தெரிந்தது:
‘காலத்தில் நில வருவாய் முறை’
எவர் காலத்தில் என்பது உறைக்குள்.

எடுத்துப் போக முடியாது.
வாசலில் பை சோதனை, இடுப்புவரை சோதனை.
சொந்தப் பெயரைத் திருடியவள் என்று மாட்டினால்
எந்த வக்கீலிடம் சொல்வது?

“என்னடி, நின்னுட்ட?” என்றாள் தேவகுமாரி.
அதற்குள் திரை சிவந்திருந்தது.

ஸ்கேன் செய்தேன்.
கருவி ஒருமுறை கீச்சென்றது.
திரும்பும் சரக்குக் கூண்டில்
கனமாக எதுவும் மேலே விழாத மூலையாகப் பார்த்து
என்னை நானே வைத்தேன்.

தொலைநிலைக் கல்வி.
தொலை என்றால்
எனக்கு முதலில் வசவாகத்தான் கேட்கும்,
போய்த் தொலை என்பதுபோல.
இப்போது தூரமும் தெரிகிறது.
சைதாப்பேட்டையில் புறப்பட்டு
என் கைவரை வந்து
என் கையாலேயே திரும்புகிற தூரம்.

வியாழன் எனக்கு வார லீவு.
முதல் பஸ்ஸில் போனால்
கவுன்ட்டர் திறக்கும்போது நிற்கலாம்.
ஏம்மா, பார்சல்ல வரலையா என்பார்கள்.

வந்துச்சு சார்.
நான்தான் அனுப்பி வச்சேன்.