அறை கேட்கிறது

"வாய்ஸ் ஓகே மேடம், ஆனா ரூம் கேக்குது"
என்று சென்னையிலிருந்து ரெக்ஸ் அனுப்பியிருந்தான்.
மூன்றாவது தடவை.
என்ன கேட்கிறதாம் என்று கேட்கத் தோன்றியது.

கையைத் தட்டிப் பார்த்தேன்.
சுவர் திருப்பித் தட்டியது, அதற்கு எதிர்ச்சுவர்,
பல்லி ஓடுவதுபோல் ட்ர்ர்ர் என்று
உத்தரம்வரை ஏறிப்போனது சத்தம்.

கானாடுகாத்தானில் மாதம் நாலாயிரத்துக்கு
இவ்வளவு உயரமா என்று
சாவி வாங்கிய அன்று சிரித்திருந்தேன்.
பதினாறு அடி. அத்தனையும் எதிரொலி.

சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும்
கண்ணாடியாக இழைத்த சுவர்.
கை வைத்தால் வழுக்கும். குரலும் வழுக்கும்.
கீழே ஆத்தங்குடிக் கல், மேலே பர்மாத் தேக்கு.
என் சொல்லை வாங்கி வைத்துக்கொள்ள
இங்கே ஒருத்தருக்கும் மனசில்லை.

வீட்டுக்காரர் சேவுகன் கோயம்புத்தூரில்.
போனில் ஒரே நிபந்தனை:
"ஆணி மட்டும் அடிச்சுப்புடாதீக."

முட்டைக்கடையில் முப்பது அட்டை சும்மா கொடுத்தார்கள்.
முட்டை குடித்த சுவரில் முட்டை அட்டையைச் சாய்த்து
ஒரு நாள் முழுக்க நம்பினேன்.
'ச' கொஞ்சம் மழுங்கியது.
'ம' மட்டும் மூலையில் உட்கார்ந்து முனகிக்கொண்டே இருந்தது.

காரைக்குடி மெத்தைக்கடை அபுதாகிர்
யாருக்கு என்று கேட்டார்.
சுவருக்கு என்றேன்.
"சுவத்துக்கு என்ன, முதுகுவலியா?"
சட்டம் அடித்து, தேங்காய்நாரை நாலு விரல் கனத்துக்கு அடைத்து
சணல் சாக்கு போர்த்தித் தைத்தார், எட்டு.
ஆணி இல்லாமல் தாமே நிற்கும்.
சுவருக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் விட்டேன்:
தாண்டிப்போகும் குரல்
திரும்பும்போதும் நாருக்குள் ஒருதரம் நடந்து களைக்கட்டுமே.
மூலைகளில் பஞ்சுமூட்டை.
தலைக்குமேல் நாலு கம்பத்தில் ஜமுக்காளம்.
ஃபேனை நிறுத்தினேன். ஃபிரிட்ஜைப் பிடுங்கினேன், பால் திரிந்தது.
புறாவைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை;
அது மூச்சுவிடும் இடைவெளிகளில் பேசிப் பழகினேன்.

மறுபடி தட்டினேன்.
தட்டியது. அவ்வளவுதான்.
ஈரத்துண்டு மாதிரி
விட்ட இடத்திலேயே விழுந்து கிடந்தது சத்தம்.

அப்போதுதான் நான் கேட்டேன் என்னை.
உதடு ஒட்டிப் பிரிவதை.
வாக்கியத்துக்கு முன்னால் முடிந்துவிடும் மூச்சை.
"உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது":
இதில் முக்கால்வாசியை
இத்தனை நாள் அறைதான் சொல்லியிருக்கிறது.

நாற்பத்தோரு முறை சொன்னேன்.
முப்பத்தெட்டாவதில்
யாரோ ஒருவருக்குச் சொன்னதுபோல் இருந்தது.
அதை அனுப்பினேன்.
ரெக்ஸ் கட்டைவிரல் காட்டினான். பணம் வந்தது.

ஐப்பசியில் சிலிண்டர் வராமல்
கேஸ் கம்பெனிக்குப் போன் போட்டேன்.
நான்தான் எடுத்தேன்.
காத்திருக்கச் சொன்னேன். காத்திருந்தேன்.
பதினோரு நிமிடம்
எனக்கு நான் முக்கியமாக இருந்தேன்.

ஏழாவது முறையோ எட்டாவதோ,
'னது' முடிந்த பிறகு, வெகு மெலிதாக,
ஜன்னலை ஒட்டி
நான் மூடாமல் விட்ட அந்த ஒரு முழச் சுவர்.

ரெக்ஸுக்கு அது எட்டியிருக்காது.
சேவுகனிடம் சொன்னால்
ஆணி அடித்தேனா என்பார்.