பதினாறா, பதினெட்டா

நான்கு ரோட்டில் பென்னாகரம் பக்கம் திரும்பினால்
மாடியில் இம்தியாஸ் கடை.
கண்ணாடிப் பலகைமேல் மூன்று லென்ஸை வைத்துவிட்டு
டீ சொல்லப் போனார்.
பெண் பார்க்க வந்த வீட்டில்
தனியே பேச விட்டதுபோல்
நானும் அவையும் உட்கார்ந்திருந்தோம்.

என் கேமரா சின்னது.
கைப்பையில் சாப்பாட்டு டப்பாவுக்கும்
சர்வேயர் முத்திரைக்கும் நடுவே அடங்கிவிடும்.
அதன் பழைய லென்ஸுக்குப் போன மழையில் பூஞ்சை.
ஆறு மாதமாய் என் ரிப்போர்ட்டில்
எல்லா வண்டிக்கும் கண்புரை.

மூன்றாவதை முதலில் ஒதுக்கினேன்.
பதினெட்டில் தொடங்கி நூற்று முப்பத்தைந்துவரை நீளும் ஆசை.
தூரத்தில் இருப்பதை இழுத்துப் பார்க்கும் தொழில் இல்லை எனக்கு.
நான் போய்ச் சேரும்போது
எல்லாம் காலடியில் கிடக்கும்.

அடுத்தது பதினெட்டு–ஐம்பது, இரண்டு புள்ளி எட்டு.
அந்தி கறுத்த பிறகும் நம்பர் பிளேட் வாசிக்கும்.
ஓரம்வரை ஊசிமுனை.
“ஆயுசுக்கும் போதும் மேடம்” என்றார்,
விலையைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு.
மாட்டிப் பார்த்தேன்.
முருங்கைக் கொம்பில் பலாக்காய்.

மிச்சம், பதினாறு–ஐம்பது.
புது கேமராவோடு சும்மா வருவது,
யாரோ கழற்றி விற்றது.
மூடினால் அடை தடிமன்.
இருட்டுக்கு ஆகாது.
“பதினாறுல ஓரம் மங்கும், மறைக்க மாட்டேன்.”

இரண்டு மில்லிமீட்டர்.
நகக்கண் அழுக்கு அவ்வளவு இருக்கும்.
அதற்கா இத்தனை யோசனை என்றால்,
தொப்பூர் கணவாயில் நின்று பாருங்கள்.
கவிழ்ந்த லாரி முழுசாய்க் கட்டத்துக்குள் வர
பதினெட்டுக்கு இன்னும் ஓர் எட்டு பின்னால் போகணும்.
அந்த எட்டில்
உடைந்த தடுப்புக் கம்பி இருக்கிறது.
அதற்கும் பின்னால் ஒன்றுமே இல்லை.

போன் வந்தது. இரட்டைப் பாலத்துக்கு மேலே, இப்போதுதான்.
“ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க,
எது ஒத்துவருதோ வச்சுக்கலாம்.”

கிருஷ்ணகிரியிலிருந்து வந்த மாங்கூழ் டிரம்கள்.
ஒரு பர்லாங்குக்குச் சாலை மஞ்சள்.
இத்தனை வருடத்தில்
டீசலும் ரப்பரும் நாறாத விபத்து இதுதான்.
கல்யாணப் பந்தி வாசனை,
தேனீக்கள்,
வழுக்கி விழுந்த ஒரு ஏட்டு.
வெளிச்சம் போய்க்கொண்டே இருந்தது.
இரண்டு புள்ளி எட்டு பைக்குள் இருந்தது.
விரலெல்லாம் கூழ். அந்தக் கையால்
லென்ஸைக் கழற்றினால்
கேமராவுக்குள் ஈ மொய்க்கும்.
மாட்டியிருந்தது பதினாறு.
தடுப்புக் கம்பியில் முதுகு உரச எடுத்தேன்,
இருபத்தேழு படம்.

ராத்திரி படிவம் நிரப்பினேன்.
ஓட்டுநர்: முனிவெங்கட்டப்பா, வேப்பனப்பள்ளி.
நிலை: காயமில்லை.
ஏட்டு சொன்னதை எழுதினேன், ஆளைப் பார்க்கவில்லை.

பிறகு இருபத்து மூன்றாவது படம்.
இடது கீழ் மூலையில்
கிலோமீட்டர் கல்மேல் ஒருவர்.
ஒரு காலில்தான் செருப்பு.
கையில் கடித்த பன்.
லாரியைப் பார்க்கவில்லை,
பன்னையும் பார்க்கவில்லை.

பதினெட்டாக இருந்தால்
முழங்காலோடு அறுபட்டிருப்பார்.
‘வாகனம் மட்டும்’ என்பது கம்பெனி விதி.
வெட்டுகிற கோட்டை அவர்வரை இழுத்துவந்து
விட்டுவிட்டேன்.

காலையில் பணம் எண்ணிக் கொடுத்தபோது
இம்தியாஸ் கேட்டார்:
“ஓரம் எப்படி மேடம்?”
“மங்கல்தான்” என்றேன்.
“முகம் சரியாத் தெரியல.
ஆனா உட்கார்ந்திருக்காரு.”

அவருக்குப் புரியவில்லை.
பலாக்காயைத் துடைத்து உள்ளே வைத்தார்.
லென்ஸ் மூடியைக் கேட்டார்.
அது தொப்பூர்ப் பள்ளத்தில் எங்கோ,
மாங்கூழ் ஒட்டிக் கிடக்கிறது.

மூடிக்குத் தனியாக நூற்றிருபது.
பேரம் பேசி நூறு.