முந்தைய அளவு

பெருமாள்புரம் மூன்றாம் தெருவில்
காலை ஒன்பதரைக்கே தார் இளக ஆரம்பிக்கும்.
குடை, வாரியத்தின் அடையாள அட்டை,
கேட்டைத் தட்ட ஒரு ஐந்து ரூபாய் நாணயம்.
பதினோரு வருடமாக இவ்வளவுதான் என் ஆயுதம்.

மீட்டரைப் பார்க்கத்தான் சம்பளம்.
நான் மற்றதையெல்லாம் பார்ப்பேன்.
சுவரில் தொங்கும் ஏசிப் பெட்டிகளை எண்ணுவேன்.
வாசலில் கிடக்கும் பிள்ளைகளின் ஷூக்களை எண்ணுவேன்.
காருக்குப் போர்த்திய துணியைத் தொட்டுப் பார்த்து
என் கல்யாணப் பட்டு ஞாபகம் வந்து
கையை எடுத்துக்கொள்வேன்.

நாற்பத்திரண்டாம் எண் வீடு
எஸ்தர் பொன்மலருடையது.
பாளையங்கோட்டையில் பத்தாம் வகுப்பு.
அவள் நானூற்று அறுபத்தொன்று,
நான் நானூற்று ஐம்பத்தெட்டு.
அந்த மூன்று மதிப்பெண்தான்
குட்டி போட்டுக் குட்டி போட்டு
அவளுக்கு ஹைகிரவுண்டில் டாக்டர் நாற்காலியாக,
மாடிக்கு லிஃப்டாக,
இரண்டு மும்முனை மீட்டராக ஆனதென்று
கணக்கு வைத்திருந்தேன்.
அது அந்தக் கோடை விடுமுறையிலேயே
செத்துப்போயிருக்கும்.
நான்தான் இருபத்தாறு வருடம்
சோறு போட்டு வளர்த்திருக்கிறேன்.

போன ஆடியில் அந்த வீட்டுக்குள் சத்தம்.
அவள் புருஷன் கத்த, பீங்கான் எதுவோ உடைய,
குறிப்பெடுப்பதுபோல் நின்று
முழுசாகக் கேட்டேன்.
வெயிலில் மோர் குடித்தமாதிரி இருந்தது.
சாயங்காலம் தச்சநல்லூர் பஸ்ஸில்
ஜன்னலோரம் இடம் கிடைத்தும்
முகத்தை எங்கே திருப்புவதென்று தெரியவில்லை.
ஏசியை எண்ணிப் புழுங்கியவளும்
பீங்கான் சத்தத்தில் குளிர்ந்தவளும்
ஒருத்திதானே.

வேலைக்குச் சேர்ந்த புதிதில்,
மேலப்பாளையத்தில்,
ஒரே பலகையில் இரண்டு மீட்டர்.
மாடியில் அரிசி மண்டிக்காரர்,
கீழே டெய்லர் அசன் மைதீன்.
டெய்லர் அட்டையில்
மாடி மீட்டரின் எண்ணை எழுதிவிட்டேன்.
நாற்பத்தோராயிரத்துச் சொச்சத்தில்
ஆறாயிரத்து அறுநூற்று நான்கு போக
மூன்றரை லட்ச ரூபாய் பில்.

கழுத்தில் டேப் தொங்க ஆபீசுக்கு ஓடிவந்தார்.
"எம்மா, என் தையல் மிசினு
பாபநாசம் அணையையே குடிச்சிட்டா?"
எல்லாரும் சிரித்தோம்.
அவர் சிரிக்கவில்லை.
அட்டையைப் பிடித்திருந்த விரல் நடுங்கியது.

கழித்தலில் பிழையே இல்லை.
மீட்டர்தான் வேறு.

அந்த விரல் ஏன் நேற்று
நாற்பத்திரண்டாம் எண் வாசலில் ஞாபகம் வந்ததோ.
நாணயத்தால் தட்டினேன்.
பொன்மலரே வந்தாள்,
ஈரத்தலை, கையில் பாதித் தோசை.
"ஏட்டி, உலகம்மாளா? நீயா இங்கன வாரே?"
"நாலு வருசமா வாரேன்."
அதற்குமேல் அவளுக்கும் நேரமில்லை,
எனக்கும் அடுத்த வீடு.

எண்ணவில்லை என்று எழுத ஆசை.
எண்ணினேன். ஆறு ஏசி.
எண்ணிவிட்டு, மீட்டரைக் குறித்துவிட்டு,
அவள் அட்டையில்
முந்தைய அளவு என்ற கட்டத்தைக் கொஞ்சநேரம் பார்த்தேன்.
அதில் அவளுடைய எண்தான் இருந்தது.
வேறு யாருடையதும் இல்லை.

ஆடியில் பஸ்ஸில் வந்தவள்
இப்போது ஸ்கூட்டியில் வருகிறேன்,
நாற்பத்திரண்டு வயதில் கற்றுக்கொண்டு,
முழங்காலில் இன்னும் ஆறாத ஒரு தழும்போடு.
ஈரடுக்குப் பாலத்தின் ஏற்றத்தில்
போன மாதம்வரை
இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே ஏறுவேன்.
பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடிப்பார்கள்.
நேற்றும் அடித்தார்கள்.
ஒரு பையன் முந்திப் போனான்.
போட்டும்.
கால் தரையில் படவில்லை.

பெரிய வித்தியாசமில்லை,
நூறு யூனிட்டுக்குள்தான் வரும்.
அதற்குக் கட்டணம் கிடையாது.