எந்த விசையையாவது அழுத்தவும்

செவ்வாய் காலை
சுகாதார நிலையத்தின் ஒரே கணினி
கறுப்பாகவே விழித்தது.
இடது மூலையில் ஒரு வெள்ளைக் கோடு
மின்னி மின்னி,
கதவைத் தட்டிவிட்டுப் பேர் சொல்லாத ஆள் மாதிரி.

சிலோயே தீவுகளில் எது கெட்டாலும்
ஈரத்தின் மேல்தான் பழி.
விறகடுப்புப் பக்கத்தில் அரைமணி வைத்தேன்.
கறுப்பு சூடானது,
அவ்வளவுதான்.

உள்ளே இருக்கிறார்கள்
இருநூற்றுப் பதினேழு பேர்.
யாருக்கு எந்தத் தேதியில் ஊசி,
யாருக்குப் பென்சிலின் ஆகாது,
சுனில்டாவின் சர்க்கரை,
சுனில்டா ஒத்துக்கொள்ளாத சர்க்கரை.

நகரத்திலிருந்து ஆள் வர ஒன்பது நாளாம்.
தொலைபேசியில் ஒரு பையன் சொன்னான்:
"வட்டு சாகவில்லை சென்யோரா,
எழுந்திருக்கும் வழிதான் மறந்துபோச்சு.
வேறு கணினியில் ஒரு பென்டிரைவ் தயார் பண்ணுங்கள்.
எட்டு ஜிபி. காலியாக இருக்கணும்."

வேறு கணினி பள்ளிக்கூடத்தில்.
எட்டு ஜிபி
படகில்.

ரெமிஹியோவின் தட்டைப் படகில்,
சுக்கானுக்கு மேலே,
பதினோரு வருடமாகச் சொருகியபடி:
நானூற்றுப் பன்னிரண்டு ராஞ்செரா, கும்பியா,
எப்போதும் ஒரே வரிசையில்.
எந்தப் பாட்டில் கரை வரும் என்று
ஏற்றிவரும் ஆடுகளுக்கும் தெரியும்.
"இன்னொரு பிரதி இருக்கா?"
"எதுக்கு? இதுதான் இருக்கே."
பிடுங்கிக் கொடுத்தான். முனையில் உப்புப் பூத்திருந்தது.

பள்ளியில் ஒரியேத்தா காத்திருந்தாள்.
ஐந்தரை ஜிபி கோப்பு;
மழை ஏறினால் இணையம் இறங்கும்.
அறுபத்தொரு சதவீதத்தில் பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள்.
எழுபதில் மாத்தே தீர்ந்தது.
முழுதும் வந்தபோது
அந்தக் கணினியில் மிச்சமிருந்த இடம்
இருபது பாட்டுக்கு.

ஆளுக்குப் பத்து என்று பிரித்துக்கொண்டோம்.
அவள் ஆடிய பாட்டுகள் அவளுக்கு.
நான் எடுத்ததில் இரண்டு
எனக்குப் பிடிக்காதவை. ஏன் எடுத்தேன் என்று
இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.
பிறகு அது கேட்டது:
இதில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும். தொடரவா?

தொடர்ந்தோம்.
சேற்றில் இரண்டு கிலோமீட்டர் திரும்பி வந்து
சொருகினால், என் கிழட்டுக் கணினி
அதைக் கண்டுகொள்ளவே இல்லை.
புது எந்திரங்களின் பாஷையில் எழுதிவிட்டோமாம்.
மறுபடி சேறு.
மறுபடி ஒரியேத்தா, இப்போது இரவு உடையில்,
கோட்டு மேலே.
மறுபடி எழுதினோம், பழைய பாஷையில்.

நள்ளிரவு தாண்டி எஃப் பன்னிரண்டை
மரங்கொத்தி மாதிரி கொத்திக்கொண்டிருந்தேன்.
வந்தது ஒரு வரி:
எந்த விசையையாவது அழுத்தவும்.
அத்தனை விசைகளில்
ஏனோ 'ஞே'யை அழுத்தினேன்,
எங்கள் பலகையில் அதற்கென்று தனி இடம் உண்டு.

நீலத் திரை.
நடுவில் பெரிதாக: இப்போதே நிறுவு.
அதைத் தொட்டு மேலே போனால்
இருநூற்றுப் பதினேழு பேரும் போய்விடலாம்.
கீழே, மூலையில், பொடி எழுத்தில்: பழுதுபார்.
முக்கியமானதை ஏன் அங்கே ஒளித்தார்கள்?
தூக்கக் கலக்கத்தில் பையன் சொல்லச் சொல்ல
நாலு வரி தட்டினேன்,
இடைவெளி, சாய்கோடு, இடைவெளி.
பென்டிரைவைப் பிடுங்கினேன்.
மறுபடி எழுப்பினேன்.

சுனில்டா, இருநூற்றுப் பத்து.
வெறும் வயிற்றில்.

வியாழன் படகில் பாட்டில்லை.
இருபது பாட்டும் இன்னும் பள்ளியில்தான்.
முதலில் யாருக்கும் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
மரவண்டிக்காரன் இருமினான்.
சுனில்டா என்னைப் பார்க்காமல்
கையிலிருந்த ரொட்டியைப் பையில் போட்டாள்.
நடுக் கால்வாயில்
ரெமிஹியோ தலையைச் சாய்த்தான்.
இன்னும் கொஞ்சம் சாய்த்தான்.
"கேக்குதா?"
இயந்திரத்துக்குள்ளே ஏதோ
டொக், டொக்,
நாலு சுற்றுக்கு ஒருமுறை.

"இது எத்தனை நாளா இருக்கு?" என்றான்,
எங்களையா, அதையா, தெரியவில்லை.
வேகத்தைக் குறைத்தான்.
மழையில் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு
கரைக்குப் போனோம்.