கைப்பேச்சு

சுற்றறிக்கையோடு படிவம் ஒன்று வந்தது:
உள்ளூர் வாழ்வியலும் தொழில் மரபும்.
நான்கு கட்டம்.
தொழில், கருவி, வழக்குச் சொல்,
மறைந்துவரும் காரணம்.

நான் பள்ளிபாளையத்துக்குப் புதியவள்.
மாற்றலாகி வந்த அன்று
பேருந்திலிருந்து இறங்கியதும்
தகரக் கூரையில் மழை என்று
பைக்குள் குடை தேடியவள்.
"தறிங்க மேடம்" என்றார் நடத்துநர்.

ஏழாம் வகுப்பு ஆ பிரிவு, முப்பத்தொரு பேர்.
ஏர்க்கலப்பைப் படம் காட்டினேன்.
பவுன்ராஜ் கொட்டாவி விட்டான்.
சரி, அவரவர் வீட்டு வேலையைக்
கேட்டு எழுதி வாருங்கள் என்றேன்.

மறுநாள் தீர்த்தகிரி
மூன்று பாலிதீன் பொட்டணம் கொண்டுவந்தான்.
அப்பா ரிக் வண்டியில், ராய்ப்பூர்ப் பக்கம்.
"இது அறுவதடி, செம்மண்ணு.
இது எரநூறு.
இது நானூத்தி இருவதுங்க, கருங்கல்லு,
மாவாட்டம் பறக்கும்.
தூளு நனைஞ்சு வந்தா
அப்பா அன்னைக்கு போன் பண்ணுவாரு.
வரலீன்னா பண்ண மாட்டாரு."
நான்காம் கட்டத்தில் எழுதியிருந்தான்:
மறையவில்லை. வண்டி வெள்ளிக்கிழமை ஒடிசா போகிறது.

மதுநிஷாவின் நோட்டு வெறுமை.
"எங்கம்மா தறிக்குள்ள பேசவே மாட்டாங்க டீச்சர்.
பேசினாலும் கேக்காது.
எல்லாம் கையிலதான்.
அதை எப்படிங்க எழுதறது?"

எழுத வேண்டாம், காட்டு.

இரண்டு விரல் கத்தரியானது: பாவு அறுந்துபோச்சு.
மணிக்கட்டு ஒருக்களித்தது: நாடா சிக்கிக்கிச்சு.
கட்டைவிரல் உதட்டில்: டீ.
இல்லாத மீசையை முறுக்கினாள்:
முதலாளி வர்றாரு.
"இப்ப ஓனரு பொம்பளைங்க.
ஆனாலும் மீசைதான்."

வகுப்பு சிரித்து அடங்கும்போது
கடைசி பெஞ்சில் ஒரு கை எழுந்தது.
பிகாஷ்.
பள்ளி திறந்த நாளிலிருந்து
'உள்ளேன்' தவிர ஒரு சொல் சொல்லாதவன்.
அவன் ஊர் பாலாங்கீர்ப் பக்கமென்று
பதிவேட்டில் மட்டும் இருக்கிறது.
எழுந்து நின்று மணிக்கட்டை
வேறு மாதிரி, உள்பக்கமாய்த் திருப்பினான்.
தப்பு, இப்படி.
மதுநிஷா யோசித்தாள்.
"தப்பில்லீங்க. அவங்க ஷெட்டுல அப்படித்தான்."

என் பதினான்கு வருட வேலையில்
வட்டார வழக்கு என்று கரும்பலகையில் எழுதி
அதன் கீழே ஒரு கையை வரைந்தது
அன்றுதான்.

பிறகு அவள் பிடரியில் உள்ளங்கையை வைத்து
உடனே எடுத்துக்கொண்டாள்.
அது என்ன?
"முன்பணங்க."
எப்போது சொல்வார்கள்?
"யாராச்சும் வேற ஷெட்டுக்குப் போறேன்னு கெளம்பினா
கூட இருக்கறவங்க காட்டுவாங்க."
சற்று நேரம் கழித்து,
"இதையும் எழுதோணுமுங்களா?"

எழுது என்றேன்.
கழுத்து வரைந்தாள், அழித்தாள்,
மறுபடி வரைந்தாள்.
கையை மட்டும் வரையவில்லை.

அப்புறம் கால் மணி நேரம்
முப்பத்தொரு பேரும் மூச்சு விடாமல் பேசினார்கள்.
ஒரு சத்தமில்லை.
தெருவில் தறிகள் தம் பாட்டுக்கு ஓட,
வகுப்புக்குள் பாவு அறுந்தது, நாடா சிக்கியது,
யார் யாரோ டீ கேட்டார்கள்.
சன்னலோரம் பவுன்ராஜ்
திடீரென்று மீசையை முறுக்கினான்.
முதுகுகள் நிமிர்ந்தன.
தலைமையாசிரியரும், அவருக்கு முன்னால்
கைப்பையோடு வட்டாரக் கல்வி அலுவலரம்மாவும்.
சுற்றிலும் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதினார்:
வகுப்பு அமைதி. மிக நன்று.

படிவம் பத்து நாளில் திரும்பி வந்தது.
'நான்காம் கட்டம் விடுபட்டுள்ளது.
பூர்த்தி செய்து மீள அனுப்புக.'
பேனாவைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன்.
வராந்தாவில் போன பிகாஷ் நின்று,
என்னைப் பார்த்து, படிவத்தைப் பார்த்து,
கட்டைவிரலை உதட்டுக்குக் கொண்டுபோனான்.

மணியடிக்க இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.
எழுந்து போனேன்.