நட்பு அறிக்கை

படிவத்தின் பெயரே அதுதான்.
மோதிக்கொண்ட இருவரும் சேர்ந்து உட்கார்ந்து
ஒரே தாளில் எழுத வேண்டும்.
நீலக் கட்டம் ஏ வண்டிக்கு, மஞ்சள் பி வண்டிக்கு.
நான் ஏ.
பின்னாலிருந்து வந்து இடித்தவன் பி,
பெயர் டெல்மோ, வயது இருபது,
உரிமம் வாங்கி ஐந்து வாரம்.

மாங்குவால்டே வெளிவழிக்குக் கொஞ்சம் முன்னால்,
மூடுபனி.
அவன் வண்டியின் மூக்கு நசுங்கிவிட்டதால்
என் வண்டியின் மூக்கின் மேல் தாளை விரித்தோம்.
என்ஜின் சூடு தாளின் வழியே
மணிக்கட்டுக்கு ஏறியது, இதமாக.
அவன் கை நடுங்கியது. பேனாவை நான் வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் கட்டம்: காயமடைந்தவர், சிறு காயமானாலும்.
இல்லை என்றேன். கழுத்து மறுநாள்தான் பேசியது.
நான்காம் கட்டம்: வண்டிகள் அல்லாத பொருட்சேதம்.
பல்செட் மூன்று, எழுதினேன்,
ஒன்று உடைந்தது, கீழ்த்தாடை.
அவன் என்னைப் பார்த்தான்.
பற்கூடத்தில் வேலை, குவார்டாவுக்குக் கொண்டுபோகிறேன் என்றேன்.
அவன் சிரித்துவிட்டான், உடனே மன்னிப்பும் கேட்டான்.

படம் வரையும் கட்டத்தில்
இரண்டு செவ்வகம், இரண்டு அம்பு, ஒரு கோடு.
மூடுபனியை எப்படி வரைவது?
வரையவில்லை.
பின்னால் வந்தவன் மேல்தான் தவறு என்பது
அவனுக்கும் தெரியும். கையெழுத்துப் போட்டான்.
பிரதியைக் கிழித்துப் பிரித்தோம்.

நான் ஏன் பிரேக் போட்டேன் என்று
அவன் கேட்கவில்லை.

அந்த வெளிவழியில் இறங்கினால் பழைய வீடு.
விற்று ஆறு வருடம்.
பாதிப் பணம் எனக்கு, பாதி அவருக்கு,
ஃபிரிட்ஜ் யாருக்கு என்பதில் மட்டும் தகராறு.
எனக்குப் போகவேண்டியது குவார்டா.
பலகையைப் பார்த்ததும்
கால் மட்டும் வீட்டுக்குப் போகத் திரும்பியது.
ஒரு நொடிதான். அதற்குக் கட்டம் இல்லை.

பிறகு தொலைபேசி.
எங்கள் ஊழியர்கள் அனைவரும் வேறு அழைப்பில் உள்ளனர்.
பதினொரு இலக்கக் கோப்பு எண்,
இரண்டாவது நாளே மனப்பாடம்.
பல்செட் கருவியா, சரக்கா என்று ஒருத்தி கேட்டாள்.
வாய்க்குள் போனால்தான் கருவி என்றேன்.
அவள் வரியில் வைத்துவிட்டுப் போனாள்,
பியானோ வாசித்தது, வெகுநேரம்.

மூன்றாம் வாரம் மதிப்பீட்டாளர் குவின்டெலா வந்தார்.
மழைக்கோட்டைக் கழற்றவில்லை.
முழு நஷ்டம் என்று வண்டியைச் சொன்னார்,
குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல்.
அப்புறம் கோப்பைப் புரட்டி,
தாளின் பின்பக்கத்தை அவரவர் தனியாக நிரப்ப வேண்டும்,
உங்களுடையது வெறுமையாக இருக்கிறது,
பையனுடையதில் ஒரு நாய் இருக்கிறது என்றார்.

நாயா?

அம்மணியின் வண்டிக்குக் குறுக்கே நாய் ஓடியது,
அதனால் அவர் பிரேக் போட்டார்.
அப்படியே எழுதியிருந்தான், சாய்ந்த கையெழுத்தில்.
தன் தப்பைக் குறைக்கவா,
என் காலுக்கு ஒரு காரணம் தேடிக் கொடுக்கவா,
இன்றுவரை தெரியாது.
பனிக்குள் அவன் எதையாவது பார்த்துமிருக்கலாம்.

என்ன நிறம் அந்த நாய்?
குவின்டெலா பேனாவைத் திறந்தார்.

பழுப்பு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
காது ஒன்று மடங்கியிருந்தது என்றுகூட
சேர்த்திருப்பேன்.
நாய் இல்லை என்றேன்.
அப்படியானால்?
பழக்கம் என்றேன்.
அவர் அந்தச் சொல்லைச் சற்று நேரம் பார்த்தார்,
எந்தக் கட்டத்தில் போடுவதென்று.

ஆளுக்குப் பாதி தவறு என்று கடிதம் வந்தது.
எனக்கு இதுவும் பாதி.
பிரீமியம் அறுபத்தொரு யூரோ கூடியது,
அவனுக்கு எவ்வளவு குறைந்ததோ.
உடைந்த கீழ்த்தாடையை நானே மறுபடி வார்த்தேன்,
காப்பீடு அதைக் கடைசிவரை
எதிலும் சேர்க்கவில்லை.

இப்போது குவார்டாவுக்குப் பேருந்து.
பல்செட் பெட்டி மடியில்.
வெளிவழிப் பலகை நெருங்கும்போது
ஓட்டுநர் வேகம் குறைப்பதில்லை.
என் கால் தரையை அழுத்துகிறது.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு
சாலையோரம் பார்க்கிறேன்,
ஒருவேளை நிற்கிறதா என்று.